மழைமானியை எங்கே நிறுத்துவது?

உழவுக்கும் குடிநீருக்கும் மழையே முதல் என்பதை நாட்டுப்புற மக்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும், பெய்த மழை எவ்வளவு என்பதை அளந்து அறியும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் போதிய அளவு வேரூன்றவில்லை. ‘நல்ல மழை’, ‘பேய் மழை’, ‘உழவு மழை’ என்று சொல்லுகிறோம். இச்சொற்கள் அனுபவத்தில் விளைந்தவை. ஆனால், ஏரி நிரம்புமா, கலங்கல் வழியுமா, தாழ்ந்த பகுதியில் குடியிருப்போரை எப்போது மேட்டுக்கு அழைத்துச் செல்வது என்னும் வினாக்களுக்கு இவை மட்டும் விடையாகா. அதற்கு மில்லிமீட்டர்க் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைத் தருவது மழைமானி.

மானி வாங்குவது எளிது. அதை எங்கே நிறுத்துவது என்பதில்தான் அறிவும் உழைப்பும் தேவைப்படுகின்றன. ஒரே எண்ணிக்கையுள்ள கருவிகள், இடம் அறிந்து வைத்தால் ஒரு வட்டாரம் முழுவதற்கும் கண்ணாக விளங்கும். இடம் அறியாது வைத்தால் ஒன்று சொன்னதையே மற்றொன்றும் சொல்லிக் கொண்டிருக்கும். ஊராட்சித் தலைவர்களும் செயலர்களும் பள்ளி ஆசிரியர்களும் ஒரு வரைபடத்தையும் ஓர் அளவுகோலையும் கொண்டு தாமே செய்து பார்க்கத்தக்க முறைகளை இக்கட்டுரையில் காண்போம். எடுத்துக்காட்டுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தின் வடபகுதியில் உள்ள ஊரப்பாக்கத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக் கொள்வோம்.

அளவும் அலுவலகமும்

மழையை அளக்கும் எண்ணம் புதியது அன்று. தானியக் களஞ்சியத்தின் முன் வாயகன்ற பாத்திரம் ஒன்றை வைத்து மழையை அளக்க வேண்டும் என்று கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் விதிக்கிறது. கொரிய நாட்டில் 1441, 1442ஆம் ஆண்டுகளில், செஜோங் மன்னரின் ஆட்சியில், ஒரே அளவுள்ள மழைமானிகள் செய்யப்பட்டு நாடெங்கும் உள்ள ஆட்சியலுவலகங்களுக்கு அனுப்பப்பட்டன. சென்னையில் 1813ஆம் ஆண்டு முதல் மழைக் குறிப்புகள் உள்ளன. இந்திய வானிலைத் துறை 1875இல் நிறுவப்பட்டது.

இவற்றுள் ஒரு பொதுத் தன்மை இருப்பதைக் கவனிக்க வேண்டும். களஞ்சியம் இருந்த இடத்தில் பாத்திரம். ஆட்சியலுவலகம் இருந்த இடத்தில் மானி. பிற்காலத்திலும் தாலுகா அலுவலகம், பெரிய ஏரியின் காவல் குடில், விமான நிலையம் ஆகிய இடங்களிலேயே மானிகள் அமைந்தன. காரணம் வெளிப்படை. நாள்தோறும் காலை 8.30 மணிக்கு நீரை அளந்து எழுதி வைக்க ஓர் ஆள் வேண்டும். ஆள் இருக்கும் இடத்திலேயே மானியை வைக்க முடிந்தது. ஆனால், மழை அலுவலகத்தைப் பார்த்துப் பெய்வதில்லை. இன்று தானே அளந்து தானே செய்தி அனுப்பும் கருவிகள் வந்துவிட்டன. ஆள் இருக்கும் இடத்தில்தான் வைக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு பெரிதும் தளர்ந்துவிட்டது. கட்டுப்பாடு தளர்ந்த பின்னும் பழைய வழக்கத்தையே பின்பற்றி, எல்லாக் கருவிகளையும் அலுவலக வளாகங்களிலேயே நாட்டுவோமானால் புதிய கருவியின் பயன் பாதியாகிவிடும்.

2015 டிசம்பர் தந்த பாடம்

2015ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் பதிவான மழை அளவுகளைப் பார்ப்போம். தாம்பரம் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கம் 47, செங்கல்பட்டு 40, மாமல்லபுரம் 35, மீனம்பாக்கம் விமான நிலையம் 35, நுங்கம்பாக்கம் 29.

தாம்பரத்திற்கும் மீனம்பாக்கத்திற்கும் இடையே நேர்க்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 10 கிலோமீட்டர்தான். அந்தத் தொலைவுக்குள் மழை 14 சென்டிமீட்டர் வேறுபட்டிருக்கிறது. நுங்கம்பாக்கத்து அளவை மட்டும் கேட்டறிந்த ஒருவர், தாம்பரத்தில் பெய்ததில் ஐந்தில் மூன்று பங்கையே அறிந்தவராவார். அந்த நாளில் முடிச்சூர், வரதராஜபுரம், மண்ணிவாக்கம் முதலிய இடங்களில் வீடுகள் நீரில் மூழ்கின என்பதை நாடே அறியும்.

ஊரப்பாக்கம் தாம்பரத்திற்கும் செங்கல்பட்டுக்கும் இடையே உள்ளது. தாம்பரத்திலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீட்டர், செங்கல்பட்டிலிருந்து ஏறத்தாழ 21 கிலோமீட்டர் என்று கொள்வோம். இவ்விரண்டு மானிகளை மட்டும் கொண்டு அன்றைய ஊரப்பாக்கத்து மழையை மதிப்பிட வேண்டுமானால் இரண்டு வழிகள் உண்டு. அருகில் உள்ள மானியின் அளவே நம் அளவு என்று கொண்டால் 49 சென்டிமீட்டர். தொலைவுக்கு ஏற்பப் பங்கிட்டால், 49க்கும் 40க்கும் உள்ள வேறுபாடான 9ஐ முப்பதில் ஒன்பது பங்காக்கிக் கழிக்க, ஏறத்தாழ 46 சென்டிமீட்டர்.

மூன்று சென்டிமீட்டர்தானே என்று எண்ணலாகாது. ஓர் ஏரிக்கு நீர் வரும் பரப்பு 10 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். அப்பரப்பின்மேல் 3 சென்டிமீட்டர் மழை என்பது 3 லட்சம் கனமீட்டர், அதாவது 30 கோடி லிட்டர் நீர். அதில் ஒரு பகுதி மண்ணில் இறங்கும். ஆயினும், மண் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் கார்த்திகையில் பெரும்பகுதி ஏரியையே நாடி வரும். மதகைத் திறப்பதா, கரையைக் காக்க மணல் மூட்டை அடுக்குவதா, மக்களை வெளியேற்றுவதா என்னும் முடிவு இந்தக் கணக்கைப் பொறுத்தது. இரண்டு மதிப்பீடுகளுள் எது சரி என்று தீர்த்து வைப்பது அவ்விடத்திலேயே நிற்கும் ஒரு மானிதான்.

எத்தனை மானிகள் வேண்டும்?

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பரிந்துரைப்படி, சமவெளியில் 520 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மழைமானி நிலையமும், மழை மிகுந்த மலைப்பகுதியில் 130 சதுர கிலோமீட்டருக்கு ஒரு நிலையமும் வேண்டும். உலக வானிலை அமைப்பு சமவெளிக்கு 575 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்று குறைந்த அளவு வகுத்திருக்கிறது. நகர்ப்பகுதிக்கோ 10 முதல் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்கிறது.

இவ்வெண்களின் பொருளை நன்கு உணர வேண்டும். 520 சதுர கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ 13 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டம். 10 கிலோமீட்டருக்குள் 14 சென்டிமீட்டர் வேறுபட்ட மழையை இத்தகைய வட்டத்தின் நடுவே நிற்கும் ஒரே மானி எவ்வாறு காட்ட முடியும்? இந்த அளவு ஆண்டு மழையையும் பருவ மழையையும் அறியப் போதுமானது. ஒரே இரவில் வரும் வெள்ளத்தை அறியப் போதாது. நகரத்தில் தரையெல்லாம் சிமெண்டும் தாருமாக இருப்பதால் பெய்த நீர் உடனே ஓடுகிறது. ஆகவேதான் நகர்ப்பகுதிக்கு மானிகள் நெருக்கமாக வேண்டும் என்றனர்.

ஊரப்பாக்கம் போன்ற ஊர்கள் இவ்விரு வகைக்கும் இடையே நிற்பவை. ஊராட்சியாக நிருவகிக்கப்பட்ட காலத்திலேயே அங்கு மனைப்பிரிவுகளும் அடுக்கு வீடுகளும் நெருங்கிவிட்டன. அருகில் கிளாம்பாக்கத்தில் பெரும் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30இல் திறக்கப்பட்டது. பெயரைப் பார்த்துக் கிராமக் கணக்கில் சேர்த்தால் 520 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மானி. தரையைப் பார்த்து நகரக் கணக்கில் சேர்த்தால் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று. வேறுபாடு 26 மடங்கு. ஆகவே, ஊரின் நிருவாகப் பெயரை அன்று, நீர் ஓடும் விதத்தையே கருத வேண்டும்.

எண்ணிக்கையைக் கணக்கிட எளிய சூத்திரம் ஒன்று உண்டு. இருக்கின்ற மானிகளின் அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைச் சதவீதமாகக் கண்டுகொள்க. நாம் பொறுத்துக் கொள்ளத்தக்க பிழை எத்தனை சதவீதம் என்று முடிவு செய்க. முன்னதைப் பின்னதால் வகுத்து, வந்த ஈவைத் தன்னாலேயே பெருக்கினால் தேவையான மானிகளின் எண்ணிக்கை கிடைக்கும். வழக்கமாக ஆண்டு மழையைக் கொண்டே இக்கணக்கைச் செய்வர். செய்முறை விளங்குவதற்காக மேலே கூறிய ஆறு இடங்களின் ஒரு நாள் அளவையே எடுத்துக் கொள்வோம். சராசரி ஏறத்தாழ 39.2 சென்டிமீட்டர். திட்ட விலக்கம் ஏறத்தாழ 7.7. ஆகவே, சிதறல் 19.7 சதவீதம். பிழை 10 சதவீதம் இருக்கலாம் என்றால் 19.7ஐ 10ஆல் வகுத்து, 1.97ஐ 1.97ஆல் பெருக்க 3.9, அதாவது 4 மானிகள். பிழை 5 சதவீதத்திற்கு மேற்படலாகாது என்றால் 3.94ஐ 3.94ஆல் பெருக்க 15.5, அதாவது 16 மானிகள்.

பிழையைப் பாதியாக்க மானிகளை நான்கு மடங்காக்க வேண்டியிருக்கிறது என்பதைக் காண்க. செலவும் அவ்வாறே பெருகும். ஆகவே, எண்ணிக்கையை மட்டும் கூட்டிக் கொண்டே போவது அறிவுடைமையாகாது. இருக்கின்ற எண்ணிக்கையைக் கொண்டே மிகுதியான பயன் பெறும் வழியை முதலில் தேட வேண்டும்.

நான்கு மூலையும் ஒரு நடுவும்

பக்கத்துக்கு 10 கிலோமீட்டர் உள்ள சதுரமான ஒரு பகுதியைத் தாளில் வரைந்து கொள்க. நம்மிடம் நான்கு மானிகள் உள்ளன. எல்லைகளைக் காக்க வேண்டும் என்று எண்ணி, நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்று வைத்தால், மானியிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் இடம் சதுரத்தின் நடு. அதன் தொலைவு 7.07 கிலோமீட்டர். இனி, நான்கு மானிகளையும் எடுத்துவிட்டு, நடுவில் ஒன்றே ஒன்றை வைத்துப் பாருங்கள். மிகத் தொலைவில் இருப்பவை மூலைகள். அவற்றின் தொலைவும் 7.07 கிலோமீட்டரே. அதாவது, மிகத் தொலைவிலுள்ள ஊரின் நிலையை வைத்துப் பார்த்தால், மூலைக்கு ஒன்றாக வைத்த நான்கு கருவிகள் நடுவில் வைத்த ஒரே கருவியைவிடச் சிறிதும் மேம்பட்டவை அல்ல.

இப்போது சதுரத்தை நான்கு சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மானி வைக்க. மிகத் தொலைவான இடத்தின் தூரம் 3.54 கிலோமீட்டராகக் குறைந்துவிடுகிறது. கருவி ஒன்றும் கூடவில்லை, செலவும் கூடவில்லை, இடம் மட்டும் மாறிற்று. தொலைவு சரிபாதி ஆயிற்று.

பரந்த வட்டாரத்தில் இதனினும் சிக்கனமான அமைப்பு ஒன்று உண்டு. தென்னந்தோப்பில் சதுர நடவும் உண்டு, முக்கோண நடவும் உண்டு என்பதை உழவர் அறிவர். முக்கோண நடவில் ஒரு வரிசை மரங்கள் அடுத்த வரிசையின் இடைவெளிகளுக்கு நேரே நிற்கும். மானிகளையும் அவ்வாறே நிறுத்தினால், எந்த இடமும் ஒரு மானியிலிருந்து 3 கிலோமீட்டருக்கு மேல் விலகாதபடி செய்ய, ஒரு மானிக்கு 23.4 சதுர கிலோமீட்டர் பரப்பு ஒதுக்கலாம். சதுர அமைப்பில் 18 சதுர கிலோமீட்டர்தான் ஒதுக்க முடியும். எல்லை ஓரத்து இழப்பு நீங்கலாக, 100 சதுர கிலோமீட்டருக்குச் சதுர முறையில் 6 மானிகள் என்றால் முக்கோண முறையில் 5 போதும். சமதளத்தை ஒரே அளவுள்ள வட்டங்களால் மூடுவதற்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை என்பதை 1939இல் கெர்ஷ்னர் என்னும் கணித அறிஞர் நிறுவினார்.

வரைபடமும் அளவுகோலும்

நம் வட்டாரங்கள் சதுரமாக இல்லை. ஏற்கெனவே சில மானிகளும் நிற்கின்றன. ஆகவே, இருப்பதோடு ஒன்றைக் கூட்டுவது எங்கே என்பதே நாம் சந்திக்கும் வினா. அதற்கு ஏற்ற முறை, அமெரிக்க நாட்டைச் சேர்ந்த திசன் என்பவர் 1911இல் வெளியிட்ட பலகோண முறையாகும்.

வட்டார வரைபடத்தில் இருக்கின்ற மானிகளை எல்லாம் புள்ளியிட்டுக் குறிக்க. அடுத்த வட்டாரத்து மானிகளையும் சேர்த்துக் கொள்க. மழைக்கு வட்டார எல்லை தெரியாது. அருகருகே உள்ள புள்ளிகளைக் கோடுகளால் இணைத்து முக்கோணங்கள் அமைக்க. ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் செங்குத்தாக ஒரு கோடு வரைக. இக்குத்துக்கோடுகள் ஒன்றோடு ஒன்று கூடி, ஒவ்வொரு மானியைச் சுற்றியும் ஒரு வேலி போல அமையும். ஒரு வேலிக்குள் இருக்கும் ஊர்கள் அனைத்திற்கும் அந்த மானியே மிக அருகில் உள்ளது.

இப்படம் இரண்டு உண்மைகளைக் கூறும். முதலாவது, எந்த வேலி மிகப் பெரிதோ அந்த மானி அளவுக்கு மீறிய பாரத்தைச் சுமக்கிறது. இரண்டாவது, மூன்று குத்துக்கோடுகள் சந்திக்கும் புள்ளி மூன்று மானிகளிலிருந்தும் சம தொலைவில் உள்ளது. அத்தகைய புள்ளிகளுள் தொலைவு மிக அதிகமானது எதுவோ, அதுவே வட்டாரத்தின் உட்பகுதியில் நாம் மிகக் குறைவாக அறிந்த இடம். எல்லை ஓரத்து ஊர்களின் தொலைவையும் தனியே அளந்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இவ்வாறு கண்ட இடத்தின் அருகே அடுத்த மானியை நிறுத்துவது முறை. அதன் பின் படத்தை மீண்டும் வரைந்து, அடுத்ததற்கு இடம் காண்க. பள்ளியின் உயர் வகுப்பு மாணவர்களுக்கு இது நல்லதொரு வடிவியற் பயிற்சியும் ஆகும்.

ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தல்

தொலைவு ஒன்றே அளவுகோல் அன்று. ஆளில்லாத காட்டையும் ஆயிரம் வீடுகள் உள்ள தாழ்நிலத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது முறையாகாது. ஆகவே, ஒவ்வோர் இடத்திற்கும் மக்கள் தொகை, ஏரி, பள்ளம், பாலம் ஆகியவற்றைக் கருதி ஒரு மதிப்பு அளிக்க வேண்டும். பிறகு, மானி வைக்கத்தக்க இடங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எவற்றை எட்டும் என்று எழுதிக் கொள்ள வேண்டும்.

சிறு எடுத்துக்காட்டு ஒன்று காண்போம். மூன்று இடங்கள் உள்ளன. இரண்டு மானிகள் உள்ளன. அலுவலக வளாகத்தில் வைத்தால் ஒன்று முதல் நான்கு வரையுள்ள நான்கு குடியிருப்புகளை எட்டும். உயர்நிலைப் பள்ளியில் வைத்தால் இரண்டு, மூன்று, நான்கு ஆகிய மூன்று குடியிருப்புகளை எட்டும். ஏரிக்கரைக் குடிலருகே வைத்தால் ஐந்து, ஆறு ஆகிய இரண்டையே எட்டும். தனித்தனியே எண்ணிப் பார்ப்பவர் அலுவலகத்தையும் பள்ளியையும் தேர்ந்தெடுப்பார். கிடைப்பது நான்கு குடியிருப்புகளே. பள்ளி எட்டும் மூன்றையும் அலுவலகம் முன்னமே எட்டிவிட்டது. இதுவரை எட்டாததை எது மிகுதியாக எட்டும் என்று பார்ப்பவர் அலுவலகத்துக்குப் பின் ஏரிக்கரையைத் தேர்ந்தெடுப்பார். ஆறு குடியிருப்புகளும் கிடைக்கும்.

ஒவ்வொரு முறையும் ‘இது தனியே எவ்வளவு தரும்?’ என்று கேளாமல், ‘இருப்பதற்கு மேல் இது எவ்வளவு கூட்டும்?’ என்று கேட்பதே இம்முறையின் உயிர்நாடி. இவ்வாறு ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துக் கொண்டே போனால், எத்தகைய சிக்கலான அமைப்பிலும், மிகச் சிறந்த அமைப்பு எட்டுவதில் குறைந்தது 63 சதவீதம் கிடைத்தே தீரும் என்று நெம்ஹவுசர், வுல்சி, பிஷர் ஆகிய மூன்று அறிஞர்கள் 1978இல் நிறுவியிருக்கின்றனர். பெரும்பாலும் அதனினும் மிகுதியாகவே கிடைக்கும். பெரிய கணிப்பொறி இல்லாத ஊராட்சியும் நம்பிக் கையாளத்தக்க முறை இது.

ஊர் எல்லையும் நீர் எல்லையும்

வெள்ளம் சூழும் ஊரிலேயே மானி வைக்க வேண்டும் என்று பலரும் கருதுவர். இது இயல்பே, ஆனால், போதுமானதன்று. வெள்ளம் சூழும் இடத்து மானி, வெள்ளம் சூழும்போதுதான் பேசும். மேலே இருந்து நீர் வரும் இடத்து மானியோ சில மணி நேரம் முன்னதாகவே பேசும். அந்தச் சில மணி நேரத்தில்தான் முதியோரையும் குழந்தைகளையும் கால்நடைகளையும் காக்க முடியும்.

செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகள் நிறைந்தது. ஓர் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு நீர் செல்லும்படி முன்னோர் அமைத்தனர். நந்திவரத்து ஏரியின் மிகைநீர் ஊரப்பாக்கத்தின் வழியாக ஆதனூர்ப் பக்கம் சென்று அடையாற்றைச் சேர்கிறது. ஆதனூர் ஏரிப் பகுதியில் தொடங்கும் அடையாறு மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் ஆகியவற்றை ஒட்டிச் சென்று, இறுதியில் சென்னையில் கடலில் கலக்கிறது. இச்சங்கிலியைக் கருதினால், ஊரப்பாக்கத்து மக்கள் தம் ஊர் மானியோடு நந்திவரம், கூடுவாஞ்சேரிப் பக்கத்து மானியையும் கவனிக்க வேண்டும்; முடிச்சூர் மக்களோ ஊரப்பாக்கத்து மானியைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே, வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டியது ஊராட்சி எல்லை அன்று, நீர்வரத்து எல்லை. ஏரிக்கு எந்த மேட்டிலிருந்து நீர் வருகிறது, எந்தக் கால்வாய் வழியாக வருகிறது என்பதை ஊரில் உள்ள முதிய உழவரிடமும் ஏரிப் பாசனத்தாரிடமும் கேட்டறிந்து வரைய வேண்டும். மனைப்பிரிவுகள் வந்த பின் கால்வாய் திரும்பியிருக்கலாம். நேரில் நடந்து பார்த்து உறுதி செய்து கொள்ள வேண்டும். மழைமானியை மேல்பகுதியிலும், நீர்மட்டம் காட்டும் கருவியைக் கலங்கலிலும், பாலத்தடியிலும் வைத்தால் மூன்றும் ஒன்றையொன்று சரிபார்க்கும். மேலே பெய்தது எவ்வளவு, ஏரியில் ஏறியது எவ்வளவு, கீழே போவது எவ்வளவு என்னும் கணக்கு முழுமை பெறும்.

இந்த இடத்தில் ஊராட்சிகளுக்கு ஒரு மனத்தடை எழுவதுண்டு. ‘நம் பணத்தில் நம் ஊரில் வைக்கும் கருவி அடுத்த ஊருக்குத்தானே பயன்படும்?’ என்று கேட்பர். உண்மைதான். ஆனால், நமக்குப் பயன்படும் கருவியும் நமக்கு மேலுள்ள ஊரில்தானே நிற்க வேண்டும்? ஒரே ஏரிச் சங்கிலியைச் சேர்ந்த ஊராட்சிகள் கூடிப் பேசி, இடங்களைப் பொதுவாக முடிவு செய்து, அளவுகளை ஒருவருக்கொருவர் உடனுக்குடன் தெரிவிக்க ஏற்பாடு செய்து கொள்வதே இதற்கு வழி.

வானத்துக் கண்ணும் தரைக் கண்ணும்

‘ரேடார் இருக்கும்போது மானி எதற்கு?’ என்று சிலர் வினவுவர். சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002ஆம் ஆண்டு டாப்ளர் ரேடார் அமைக்கப்பட்டது. மேகக் கூட்டம் எங்கே திரள்கிறது, எத்திசையில் நகர்கிறது என்பதை ரேடார் பரந்த பரப்பில் காட்டும். ஆனால், அது காண்பது மேலே உள்ள மழைத்துளிகளை. தரையில் விழுந்த நீரை அன்று. துளிகளின் அளவு மாறினால் அதன் மதிப்பீடும் மாறும். தரையில் நிற்கும் மானிகளோடு ஒப்பிட்டுத் திருத்திய பின்னரே அதன் கணக்கு நம்பத்தக்கதாகும். ரேடார் பரப்பை அறியும். மானி அளவை அறியும். இரண்டும் வேண்டும்.

தமிழ்நாடு அரசு மாநிலமெங்கும் 1,400 தானியங்கி மழைமானிகளையும் 100 தானியங்கி வானிலை நிலையங்களையும் நிறுவும் திட்டத்தை மேற்கொண்டது. மாநிலத்தின் பரப்பு ஏறத்தாழ 1,30,000 சதுர கிலோமீட்டர். 1,400ஆல் வகுத்தால் ஒரு மானிக்கு ஏறத்தாழ 93 சதுர கிலோமீட்டர். 520உடன் ஒப்பிடுகையில் இது பெரும் முன்னேற்றம். எனினும், சராசரி என்பது தாளில் உள்ள எண். தரையில் அது மெய்யாவது, ஒவ்வொரு மானியும் தக்க இடத்தில் நிற்பதைப் பொறுத்தது.

நிறுத்தும் இடம்

ஊரைத் தேர்ந்தெடுத்த பின் ஊருக்குள் எந்த இடம் என்று முடிவு செய்ய வேண்டும். இதில் தவறினால் மேலே கூறிய கணக்கெல்லாம் வீணாகும். கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் நலம்.

1. இடம் திறந்த வெளியாகவும் சமதளமாகவும் இருக்க வேண்டும். அருகில் மரமோ சுவரோ இருந்தால், அதன் உயரத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு தொலைவு விலக வேண்டும். 10 மீட்டர் உயரமுள்ள வேப்பமரம் என்றால் 20 மீட்டர். மரம் வளரும் என்பதையும் நினைவிற் கொள்க.

2. மாடி மேல் வைத்தல் எளிது. ஆனால், உயரத்தில் காற்று வேகமாக வீசித் துளிகளை மானியின் வாய்க்கு மேலாகவே தள்ளிக் கொண்டு போகும். அளவு குறைவாகக் காட்டும். நம் நாட்டு வழக்கப்படி, கையால் அளக்கும் மானியின் வாய் தரைக்கு 30 சென்டிமீட்டர் உயரத்தில் அமைய வேண்டும்.

3. இடம் தாழ்வாக இருக்கலாகாது. வெள்ளத்தில் தானே மூழ்கும் மானியால் வெள்ளத்தை அறிவிக்க இயலாது.

4. தானியங்கிக் கருவிக்கு வெயில் படும் சூரியத் தகடும், செய்தி அனுப்பத் தொலைபேசி அலையும் வேண்டும். மழை நாளில், மின்சாரம் நின்ற வேளையிலும் அலை கிடைக்கிறதா என்று சோதித்துப் பார்த்த பின்னரே அடித்தளம் கட்டுக.

5. ஆடு மாடு புகாதபடி கம்பி வேலி வேண்டும். வேலி மானியின் வாயை மறைக்காதபடி விலகி நிற்க வேண்டும்.

6. பட்டா நிலத்தைத் தவிர்த்து, எதிர்காலத்தில் கட்டடம் எழாத பொது நிலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மானியை அடிக்கடி இடம் மாற்றினால் பல ஆண்டுக் குறிப்புகளை ஒப்பிட முடியாமற் போகும்.

கணக்குக் காட்டும் சிறந்த இடமும் இந்த நிபந்தனைகளுக்கு ஏற்ற இடமும் ஒன்றாக அமைவது அரிது. கணக்கு காட்டிய புள்ளியிலிருந்து அரைக் கிலோமீட்டர் விலகினாலும் திறந்த வெளியே நல்லது. புள்ளியில் பிடிவாதமாக நின்று மரத்தடியில் மானி வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பேணுதல்

நிறுவிய கருவியைப் பேணாவிடில் அது எட்டிய பரப்பு மீண்டும் இருளில் மூழ்கும். பழுதான மானி, மானி இல்லாத நிலையைவிடத் தீங்கானது. ‘மழை இல்லை’ என்று பொய் சொல்லும். சருகும் எறும்புப் புற்றும் சிலந்தி வலையும் புனலின் துளையை அடைத்துவிடும். ஆண்டுதோறும் புரட்டாசிக்குள், அதாவது வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், ஒவ்வொரு மானியையும் திறந்து துடைத்துச் சோதிக்க வேண்டும்.

சோதிப்பது எளிது. மானியின் வாய்ப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றால், 200 மில்லிலிட்டர் நீரை மெல்ல மெல்ல ஊற்றுக. கருவி 10 மில்லிமீட்டர் என்று காட்ட வேண்டும். மிகவும் வேறுபட்டால் உரியவர்க்குத் தெரிவிக்க. இச்சோதனையின் நாளையும் முடிவையும் பதிவேட்டில் எழுதி வைக்க. சோதனைக்கு ஊற்றிய நீர் மழைக் கணக்கில் சேர்ந்துவிடாதபடி முன்கூட்டியே அறிவிப்பதும் தேவை.

தானியங்கி வந்துவிட்டது என்று கையால் அளக்கும் மானியைக் கைவிடுதலும் ஆகாது. பள்ளியில் ஒன்று இருந்தால் மாணவர்கள் காலை 8.30 மணிக்கு அளந்து கரும்பலகையில் எழுதலாம். இரண்டு அளவும் ஒத்திருந்தால் நம்பிக்கை, வேறுபட்டால் எச்சரிக்கை.

இங்குக் கூறிய முறைகள் மழைமானிக்கு மட்டும் உரியன அல்ல. நிலத்தடி நீர்மட்டம் பார்க்கும் கண்காணிப்புக் கிணறுகள், குடிநீர்க் குழாயில் குளோரின் அளவு சோதிக்கும் இடங்கள், கடலோரக் குப்பங்களின் எச்சரிக்கை ஒலிபெருக்கிகள் ஆகிய எவற்றையும் இவ்வாறே அமைக்கலாம். எல்லாவற்றிலும் வினா ஒன்றே: எத்தனை கருவிகள் வைத்தோம் என்பதன்று, எந்த ஊர் இன்னும் நம் கணக்கில் வராமல் நிற்கிறது என்பதே.

ஊராட்சி மன்றங்கள் வருகின்ற கூட்டத்திலேயே தம் நீர்வரத்து எல்லையின் வரைபடம் ஒன்றைச் சுவரில் மாட்டி, இருக்கின்ற மானிகளைக் குறித்து, மிகத் தொலைவில் நிற்கும் குடியிருப்பு எது என்று கண்டறிய வேண்டும். அக்குடியிருப்பின் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுக. அடுத்த மானிக்கு உரிய இடம் அதுவே.